சீட்டு இல்லாத வண்டி

இந்த வண்டியைப் பார்க்கிற யாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: சீட்டு எங்கே? கூரியர் பெட்டி எடுக்க வருகிறவர் கேட்பார். மீட்டர் பார்க்க வருகிறவர் கேட்பார். ஓடைப்பட்டியிலிருந்து மருந்தடிக்கும் பம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிற திராட்சைத் தோட்டக்காரர், பம்பைக் கீழே வைத்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கேட்பார். இதில் உட்காரக் கூடாது, நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும், பாறைமேல் ஏறுவதற்கென்று செய்த வண்டி என்று சொன்னால், பாறைமேல் எதற்கு ஏற வேண்டும் என்பது அடுத்த கேள்வி. இதற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்ன மனிதர் ஒருவர் இருந்தார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. சீட்டு இன்னும் வரவில்லை, ஆர்டர் போட்டிருக்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

அந்த மனிதர் என் அக்காவின் கணவர். எனக்கு மச்சான். தேனியிலிருந்து போடி போகிற சாலையில், புளியமரங்களை வெட்டிச் சாலையை அகலப்படுத்திய பிறகு மிச்சமாக நின்ற ஒரு தகரக் கொட்டகையில் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். தோட்டக்காரர்களின் பம்பு, திராட்சைப் பந்தலுக்கான இரும்புக் கொக்கி, மேலே மலையில் ஏலக்காய் காய வைக்கிற அடுப்புகளுக்கான பல்சக்கரம் என்று கிடைத்த வேலையை எல்லாம் செய்தார். நான் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் கம்ப்யூட்டரில் படம் வரைகிறவனாக இருந்து, ஒரே வளைவை வருடக்கணக்காக வரைந்து வெறுத்துப்போய், வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். அக்கா காலையில் பட்டறையைத் திறந்து, சாமி படத்துக்கு விளக்கேற்றி, டிரில்லிங் மெஷினில் ஓட்டை போடுகிற வேலையைத் தானே பார்த்தாள். அவள் போடுகிற ஓட்டை ஒருநாளும் நகராது. நாங்கள் மூன்று பேர்தான் பட்டறை.

ட்ரையல்ஸ் பைக் என்ற ஒன்று எங்களிடம் வந்து சேர்ந்தது போடிமெட்டு வழியாகத்தான். மலைக்கு மேலே, கேரளத்துப் பக்கத்தில், சுற்றுலா வருகிறவர்களுக்குக் காட்டுப் பாதையில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஒருவர் இருந்தார். ஏலத்தோட்டமும் வைத்திருந்ததால் நாங்கள் எஸ்டேட் சார் என்போம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த தன் வண்டியில் கால் வைக்கிற மிதி உடைந்துவிட்டதென்று இறக்கிக்கொண்டு வந்தார். மச்சானுக்கு அந்த மிதியைச் சரிசெய்ய ஒரு பகல் போதும். வண்டியோ எங்களிடம் அதற்கு மேலும் பல நாள் இருந்தது. மச்சான் அதை அக்கக்காகக் கழற்றிப் பாயில் பரப்பி, ஒவ்வொன்றையும் அளந்து எனக்குச் சொல்ல, நான் வரைந்தேன். எஸ்டேட் சார் திரும்ப வந்தபோது மச்சான் அவரிடம், "இதே மாதிரி நாங்க செஞ்சு தந்தா எடுத்துக்குவீகளா" என்று கேட்டுவிட்டார். அவர் சிரித்தார். பிறகு, சிரிப்பை நிறுத்திவிட்டு, செய்து காட்டுங்கள், நன்றாக இருந்தால் என் இடத்துக்கு வேண்டியதையெல்லாம் உங்களிடமே எடுக்கிறேன் என்றார். அந்த ஒரு பேச்சில் எங்கள் மூன்று பேருடைய நாட்களும் போயின.

இந்த விளையாட்டைப் பற்றி அதுவரை எங்களுக்கு எதுவும் தெரியாது. பாறை, மரக்கட்டை, ஓடைச் சரிவு என்று குறித்து வைத்த இடத்தைக் கால் தரையில் படாமல் கடக்க வேண்டும், அவ்வளவுதான். கால் பட்டால் குற்றம். எவ்வளவு மெதுவாகப் போனாலும் கேட்பாரில்லை. மச்சானுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "பறக்குறவனுக்கு இங்கன வேல இல்ல மாப்ள. நிதானமாப் போறவனுக்குத்தான் மரியாத" என்பார். அவர் குணமும் அதுதான். சாப்பிடுவதற்குக்கூட அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. அக்காதான் அவருக்கும் சேர்த்து அவசரப்படுவாள்.

செய்யத் தொடங்கிய பிறகுதான் அந்த வண்டியின் பாடு தெரிந்தது. சட்டத்துக்கான குழாய் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. குழாய்க்குள் மணலை அடைத்துச் சூடாக்கி வளைப்போம். வளைவில் சுருக்கம் விழுந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். ஹேண்டில்பாரைத் தாங்குகிற கழுத்துக் குழாயின் சாய்வு நூலளவு மாறினாலும் வண்டி நின்ற இடத்தில் திரும்ப மறுத்தது. பழைய வண்டி ஒன்றின் எஞ்சினைப் பழைய இரும்புக் கடையில் எடுத்து, நடக்கிற வேகத்துக்கும் குறைவாக ஓடும்படி பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் வெட்டிப் போட்டோம். நான் திரையில் வரைந்தது அழகாக இருக்கும். அது இரும்பாகி வந்து நிற்கும்போது எங்கேயாவது ஓரிடத்தில் விரிசல் விட்டிருக்கும். மறுபடியும் வரைவேன். கம்பெனி வேலையின் சலிப்புக்குப் பயந்து ஊருக்கு வந்தவன், அதைவிடப் பெரிய சலிப்பில் வந்து மாட்டிக்கொண்டேன் என்று எனக்குத் தோன்றாத நாளில்லை. வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அதனால் வரைந்தேன்.

மிதிதான் எங்களை ரொம்பப் படுத்தியது. சீட்டு இல்லாத வண்டியில் ஆளின் மொத்தப் பாரமும் அந்த இரண்டு மிதிகளில்தான் நிற்கிறது. பாறையிலிருந்து குதித்து இறங்கினால் பற்றவைத்த இடத்தில் விரிசல் விட்டுவிடும். மச்சான் ஒரு வேலை செய்தார். புதிதாகச் செய்த மிதிகளை ஒரு பலகையில் முடுக்கி, லேத்துக்கு முன்னால் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நின்றுகொண்டு தோட்டக்காரர்களின் பம்பு வேலையைப் பார்த்தார். கால் வழுக்காமலிருக்க மிதியில் வெட்டிய முள்முனைப் பற்களின்மேலேயே பகல் முழுக்க நின்றார். சாயங்காலம் தேய்ந்துபோன செருப்பைக் கழற்றி உள்ளங்காலைக் காட்டுவார். எந்தப் பல் அழுந்தியிருக்கிறது, எது படவே இல்லை என்று பார்த்து நான் படத்தில் மாற்ற வேண்டும். அக்கா வெந்நீர் வைத்துக்கொண்டே வைவாள்: "ஊர்ல உள்ளவுக எல்லாம் உக்காந்து சம்பாரிக்கிறாக. இவுகளுக்கு நின்னாத்தான் பொழப்பு. அதுலயும் முள்ளு மேல நின்னாத்தான்." மச்சான் வாளிக்குள் காலை வைத்துக்கொண்டு சிரிப்பார். ஏற்கெனவே காலையிலிருந்து மாலை வரை லேத்தின் முன் நின்று நின்று அவருடைய கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கே கால் வலிக்கும்.

அவர் ஓட்டுவதை மட்டும் அக்கா பார்க்க மாட்டாள். வண்டி ஒரு நிலைக்கு வந்ததும் கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் இல்லாத பக்கமாகப் போய்ப் பாறைகளில் ஏற்றி இறக்கிப் பழகினார். நாற்பதைத் தாண்டிய ஆள், வயிறும் கொஞ்சம் போட்டுவிட்டது. இருந்தாலும் வண்டியின் மேல் நின்றாரென்றால் உடம்பில் எடை இருப்பதே தெரியாது. முதல் முறை அக்காவும் வந்திருந்தாள். அவர் ஒரு பாறையின் நுனியில் முன்சக்கரத்தைத் தொங்கவிட்டு அப்படியே அசையாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு வரவே இல்லை. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை, இருக்கிறது இவுக ஒருத்தர்தான், இவுகளுக்கு ஒன்று என்றால் நான் என்ன ஆவேன் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். நான் மச்சானிடம் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

எஸ்டேட் சார் வண்டியைப் பார்க்க வருகிறேன் என்று சொன்ன வாரம், பட்டறையில் வேறு வேலையே நடக்கவில்லை. பிரேக்கின் டிஸ்க்கையும் கையில் பிடிக்கிற லீவரையும் நாங்களே செய்திருந்தோம். மற்ற பாகங்களைக் கடையில் வாங்கியிருந்தோம். ட்ரையல்ஸ் வண்டிக்குப் பிரேக்தான் உயிர். செங்குத்தான பாறையின்மேல் வண்டியை ஒற்றை விரலால் பிடித்து நிறுத்த முடிய வேண்டும். அது நிற்காவிட்டால் ஆளும் வண்டியும் சேர்ந்து கீழே. அதனால் டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பேடுகளைப் புதிதாக மாட்டி, டிஸ்க்கைக் கண்ணாடிபோலத் தேய்த்து வைத்தோம். இது பலித்தால் பம்பு வேலையை விட்டுவிடலாம் என்று மச்சான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் அவர் பம்பு கொண்டுவந்தவர்களை எல்லாம் வேறு பட்டறைக்கு அனுப்பினார். அதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா முந்தின நாள் வீரபாண்டிக்குப் போய் கௌமாரியம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். காலையில் குட்டியானை என்கிற சின்ன லாரியில் வண்டியை ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு, நானும் மச்சானும் தலைக்கவசமும் கையுறையும் பூட்ஸும் எடுக்க உள்ளே போனோம். திரும்பி வந்தபோது அவள் லாரியில் ஏறி வண்டிக்குப் பொட்டு வைத்து முடித்திருந்தாள். எங்கள் ஊரில் இது புதிதல்ல. லேத்துக்கு வைப்போம், காற்றடிக்கிற குழாய்க்கு வைப்போம், ஆயுத பூஜையன்று ஸ்பேனர்களுக்குக்கூட ஒன்றுவிடாமல் வைப்போம். டேங்கில் பொட்டு, ஹேண்டில்பாரில் பொட்டு, முன்சக்கரத்தை மூடும்படி பெரிய சாமந்தி மாலை. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கடியில் வைத்து நசுக்கச் சொல்லவில்லையே என்று நான் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. "ஏலே, பாத்துக் கூட்டிட்டு வா அவுகள" என்று மட்டும் சொன்னாள்.

ஆற்றங்கரையில் வண்டியைப் பலகைவழியாக இறக்கிய பிறகுதான் மச்சான் கையுறை போட்ட கையால் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மாலையைக் கழற்றினார். சரிவில் ஓடிவிடாமல் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. எஸ்டேட் சார் ஏற்கெனவே வந்து, கைகட்டிக்கொண்டு மர நிழலில் நின்றார். சமதரையில் ஒரு சுற்றுப் போய் வந்த மச்சான், "பிரேக்கு லேசா வழுக்குது மாப்ள. புதுப் பேடு, இன்னும் பதியல" என்றார். இன்னொரு சுற்றுப் போகலாமே என்றேன். வந்தவரைக் காக்க வைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு பாறைகளுக்குள் போனார். அந்தக் கொஞ்ச நேரம் நான் பார்த்ததைப் போல ஒன்றை என் வாழ்க்கையில் அதற்கப்புறம் பார்க்கவில்லை. நான் வரைந்த ஒவ்வொரு கோடும் என் கண்முன்னால் பாறை பாறையாக ஏறிப் போயிற்று. எஸ்டேட் சார் கட்டின கையை அவிழ்த்துவிட்டு இரண்டடி முன்னால் வந்தார். கடைசியாக, ஆள் உயரத்துக்கு மேல் இருந்த ஒரு பாறையில் மச்சான் ஒரே உந்தலில் ஏறினார். உச்சியில் முன்பிரேக்கைப் பிடித்து நின்று, பின்சக்கரத்தைத் தூக்கித் திருப்பி இறங்க வேண்டும். பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் நிற்கவில்லை. வண்டி அவரையும் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது.

முதலில் ஓடியவர் எஸ்டேட் சார்தான். வலது முழங்காலின்மேல் வண்டி கிடந்தது. மச்சான் கத்தவில்லை, வண்டியை அணை, வண்டியை அணை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வெளியே நின்றபோது எஸ்டேட் சார் என் தோளைத் தொட்டு, "பின்னே நோக்காம்" என்றார். பிறகு பார்க்கலாம் என்று மலையாளத்தில் சொன்னது. இந்தப் பக்கம் எல்லோருக்கும் அந்த இரண்டு சொல் புரியும். அதற்கு என்ன அர்த்தம் என்பதும் புரியும். அவர் பிறகு வரவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. பிரேக் நிற்காத வண்டியில் சுற்றுலா வந்தவர்களை அவர் எப்படி ஏற்றுவார்.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து முன்சக்கரத்தைக் கழற்றினேன். பேடு இரண்டும் ஊறிப்போயிருந்தன. டிஸ்க்கின் துளைகளுக்குள் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. விரலில் எடுத்து மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய். எண்ணெய் ஊறிய பேடு டிஸ்க்கைப் பிடிக்காது, வழுக்கத்தான் செய்யும். வழவழவென்று தேய்த்த இரும்பில் வெறும் குங்குமம் நிற்காமல் உதிருமே என்று, கோயில் விளக்குக்கு வாங்கியதில் மிச்சமிருந்த எண்ணெயில் குழைத்து வைத்திருக்கிறாள். வண்டியிலேயே பளபளப்பாக, சாமி கையில் இருக்கிற சக்கரம் மாதிரி இருந்தது அந்த டிஸ்க்தான். அதனால் அதற்குத்தான் நிறையப் பொட்டு. மாலை மூடியிருந்ததால் நாங்கள் பார்க்கவில்லை. இறக்கும்போது நாங்களே பிரேக்கைப் பிடித்துப் பிடித்து அத்தனையையும் பேடில் நன்றாகத் தேய்த்துவிட்டிருக்கிறோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து மச்சான் வீட்டுக்கு வந்த பிறகு, அக்கா அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து அந்தப் பேடைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். அவரும் மோந்து பார்த்தார். வெகு நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஒங்க அக்காவுக்கு இது தெரியக் கூடாது மாப்ள. தெரிஞ்சா அவ சோறு திங்க மாட்டா. லீவருல கோளாறுன்னு சொல்லிருவோம்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பொட்டு வைத்த கை அது. அந்தக் கையை அவள் என்ன செய்வாள்.

அக்காவிடம் லீவரில் கோளாறு என்று சொன்னோம். அவள் கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் பார்த்தாள். அப்படியென்றால் அந்த லீவரை மாற்றுங்கள் என்றாள். மாற்றித்தானே ஆக வேண்டும். எந்தக் குறையும் இல்லாத ஒரு லீவருக்குப் பதிலாக இன்னொரு லீவரை வரைய உட்கார்ந்தேன். என் தொழிலில் அதைப் போல அலுப்பான வேலையைச் செய்ததில்லை. கட்டுப் போட்ட காலை ஸ்டூலின்மேல் நீட்டிக்கொண்டு மச்சான் பக்கத்தில் இருப்பார். முதலில் அக்கா பார்ப்பதற்காகத்தான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நாள் போகப்போக அவரால் சும்மா இருக்க முடியவில்லை. லீவர் அசைகிற ஊசி ஆணியைக் கொஞ்சம் தள்ளி வை என்றார். விரல் படுகிற இடத்தைக் குடைந்து பார் என்றார். விழுந்தால் முறியாமல் மடங்குகிற மாதிரி முனையில் ஒரு வெட்டுக் கொடு என்றார். பொய்க்கென்று தொடங்கிய லீவர் கடைசியில் பழையதைவிட நன்றாக வந்துவிட்டது. படம் எடுத்து, இணையத்தில் வண்டிக்காரர்கள் கூடுகிற இடத்தில் போட்டேன். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்டார், பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்டார். லீவர் போனது, அதன் பின்னால் மிதி போனது, பல்சக்கரம் போனது. முழு வண்டி ஒன்றை நாங்கள் மறுபடி செய்யவே இல்லை. இன்றைக்கு வரை இந்தப் பட்டறைக்குச் சோறு போடுவது தேவையில்லாமல் வரைந்த அந்த லீவர்தான்.

மச்சானின் முழங்கால் முன்போல மடங்கவில்லை. இழுத்து இழுத்து நடந்தார். லேத்தின் முன் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றார். பாறைப் பக்கம் போகவில்லை. அதைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதில்லை. ஆனால் ஆயுத பூஜை வந்தால் அவருக்கு வேறு ஒரு பாடு. டிஸ்க்கில் பொட்டு வைக்காதே என்று அக்காவிடம் சொல்ல முடியாது. ஏன் என்று கேட்பாள். அதனால் அவள் தட்டோடு வருவதற்குள் சுவரோரம் நிற்கிற இந்த வண்டியின் சக்கரங்களை ஒரு பழைய வேட்டியால் சுற்றிவிடுவார். ஒரு வருடம் பெயிண்ட் காயவில்லை என்பார். ஒரு வருடம் துரு ஏறுகிறது, கிரீஸ் தடவியிருக்கிறேன் என்பார். யாரும் ஓட்டாத வண்டிக்கு எதற்கு இத்தனை பாதுகாப்பு என்று எனக்கு எரிச்சலாக வரும். எத்தனை வருடத்துக்கு இந்தக் கூத்து என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "அவ இருக்குற மட்டும்" என்றார். அவள் இருக்கிறாள். அவர்தான் போய்விட்டார்.

போன வருடம் கோடையில் ஒரு முற்பகல், நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று லேத்தை நிறுத்திவிட்டு, பலகைமேல் உட்கார்ந்தார். கால் கட்டைப் பிரித்ததிலிருந்து பகலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்பதால் எனக்கு அப்போதே பயமாகிவிட்டது. ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அக்கா காரியம் முடிந்த மறுநாள் பட்டறையைத் திறந்து விளக்கேற்றி, டிரில்லிங் மெஷினுக்குப் போய்விட்டாள். வந்தவர்களெல்லாம் கல் நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டதை நானே கேட்டேன். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் தோன்றியது.

தீட்டு என்று போன வருடம் பூஜை போடவில்லை. இந்த வருடம் ஆயுத பூஜையன்று காலையில் நான் முன்னதாகவே பட்டறைக்குப் போனேன். எதற்குப் போகிறோம் என்பதில் எனக்குச் சலிப்புத்தான் இருந்தது. ஆனாலும் அவர் ஒப்படைத்துவிட்டுப் போன வேலை. பீரோவுக்குப் பின்னாலிருந்து வேட்டியை எடுத்து முன்சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது அக்கா தட்டோடு வந்துவிட்டாள். லேத்துக்கு வைத்தாள், டிரில்லிங் மெஷினுக்கு வைத்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எடுடா அந்தத் துணிய."

"துரு ஏறுதுக்கா. கிரீஸ் போட்டிருக்கு."

"அவுகளும் இதத்தான் சொல்லுவாக. வேற ஏதாச்சும் சொல்லு."

அவள் என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துப் பேசினாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரியிலருந்து அவுக துணியெல்லாம் பொட்டலமாக் கட்டிக் குடுத்தாகள்ல. அதத் தொவச்சது யாரு? நான்தானே. கைக்குப் போடுற உறையில செவப்பா எண்ணெ. நான் கொழச்ச குங்குமம் எனக்குத் தெரியாதா? எங்கன வச்சேன்னும் தெரியும். அப்புறமாப் பாத்தா நீங்க ரெண்டு பேரும் லீவரு லீவருன்னு ஒக்காந்து வரஞ்சுக்கிட்டு இருக்கீக."

"அப்பவே தெரியுமாக்கா?"

"தெரியும். அவுக வாயாலச் சொல்லட்டும்னு இருந்தேன். ஒரு நாள் வஞ்சுருவாக, அன்னைக்கு அவுக காலப் புடிச்சு அழுது தீத்துக்கலாம்னு இருந்தேன். வய்யவே இல்லையேடா. நொண்டி நொண்டி நடந்து போவாக. பின்னாலயே பாத்துக்கிட்டு நிப்பேன். நானாச் சொல்லவும் வாய் வரல. மறைக்கணும்னு அவ்வளவு பாடுபடுறாகளே, அத எப்படி ஒடைக்கிறதுன்னு இருந்துட்டேன். இப்பச் சொல்றதுக்கு ஆளு இல்ல."

எத்தனையோ வருடம். ஒரே வீட்டுக்குள், ஒரே பட்டறைக்குள், அவளைக் காப்பாற்றுகிறோம் என்று நாங்கள் இருவரும், எங்களுக்காக வாயை மூடிக்கொண்டு அவளும். வேட்டியைக் கீழே போட்டேன்.

அவள் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டாள். "ஒங்கிட்டயாவது ஏதாச்சும் சொன்னாகளா? தெரிஞ்சப்ப எம்மேல கோவப்பட்டாகளா?"

இதுவரை யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன். "கோவப்படலக்கா. நான் பேடக் கொண்டுபோய்க் குடுத்தேன். மோந்து பாத்தாக. பாத்துட்டு, 'இது செக்கெண்ணெ மாப்ள. வீட்டுக்குப் பாமாயில் வாங்குறவ, எனக்கு வேண்டிக்கிட்டு அம்மனுக்குச் செக்குல போயி ஆட்டி வாங்கியிருக்கா பாரு' அப்படின்னாக. கட்டுப் போட்ட காலோட ஒரே சிரிப்பு. அப்புறம் கண்ணத் தொடச்சுக்கிட்டாக."

அக்கா தட்டைத் தரையில் வைத்துவிட்டு, பலகைமேல் உட்கார்ந்தாள்.

"இந்த வார்த்தைய எங்கிட்டச் சொல்லியிருந்தாகன்னா நான் செத்தா போயிருப்பேன்" என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அவர் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.